பிளாஸ்டர் ஒட்டிய கேசட்

அந்தப் பாட்டு பதிவானது தொண்ணூற்றொன்பதிலா இரண்டாயிரத்திலா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மழைக்காலம் என்று சொல்லலாம். ஆனால் கண்டிப் பக்கத்தில் நினைவில் நிற்கிற எல்லாமே மழைக்காலத்தில் நடந்ததாகத்தான் தோன்றும். ஆகவே அதைக்கூட அடித்துச் சொல்லத் துணிவில்லை. இங்கே வருவதில் எது நடந்தது, எது நடந்திருக்கலாம் என்று பிறகு ஆசைப்பட்டது என்று பிரித்தெடுக்கும் திறமை சொல்கிறவனுக்கு இல்லை. சஞ்சீவுக்கும் இல்லை. அவனுக்கு அது இல்லாமல் போனதுதான் கதை.

சஞ்சீவ் கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. அதிகம் பேசாதவன். "இவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு போய் சோறு வடிச்சிட்டு வந்தா, அப்பதான் பதில் வரும்" என்று அவன் மனைவி யசோதா வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பான். ஒரு காலத்தில் அவன் டிரம்ஸ் அடித்தவன் என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறான். "ஓ, கல்யாண வீட்டு பேண்டா?" என்று கேட்டாள். அதற்குமேல் அவன் விளக்கவில்லை.

பாட்டு பதிந்து கால் நூற்றாண்டு கழிந்த ஓர் ஆண்டில் அவன் அலுவலகம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தான். தாஸிம் அங்கே கிடந்தான். கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த தாஸிம். ஒரு காலத்தில் கிட்டார் வாசித்த தாஸிம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினையும் இனி உடம்பு தாங்காது என்று டாக்டர் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வீட்டார் தாஸிமுக்குச் சொல்லவில்லை. தாஸிம் தனக்குத் தெரியும் என்பதை வீட்டாருக்குச் சொல்லவில்லை.

நண்பர்கள் இருவரும் பெரும்பாலும் பேசாமலே இருப்பார்கள். சஞ்சீவ் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மணி அடித்ததும் எழுந்து போவான். அப்படி ஒருநாள் தாஸிம் திடீரென்று கேட்டான்.

"மச்சான், நம்மட பாட்டுல கடைசி வரி என்னடா?"

"எந்தப் பாட்டு?"

"எத்தின பாட்டு நம்ம போட்ட? ஒண்ணுதானே ஈக்கி."

சஞ்சீவ் கதிரையை முன்னால் இழுத்தான். பிறகு பக்கத்துக் கட்டில்காரருக்குக் கேட்காத குரலில், ராகமில்லாமல் சொன்னான்: "லயத்துக்கு நம்பர் இருக்கு, நாய்க்கும் ஒரு பேர் இருக்கு, எனக்கு என்னா இருக்கு..."

"அது வரைக்கும் எனக்கும் தெரியும். அதுக்குப் பொறகு ஒரு வரி வருமேடா. எனக்கு என்னா இருக்குன்னு கேட்டுட்டு, நிரோஷனே ஒரு பதில் செல்லுவானே."

சஞ்சீவ் தேடிப் பார்த்தான். கேள்வி இருந்தது. பதில் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"வரல்ல" என்றான்.

"எனக்கும் வரல்ல. ரெண்டு கெழமயா யோசிக்கிறேன். அந்த எடத்துல நீ அடிக்கிறத நிப்பாட்டுவாய். நான் கம்பி மேல கைய வெச்சி அமுக்குவேன். அவன் மட்டும் தனியா செல்லுவான்."

"நான் நிப்பாட்டல தாஸிம்."

"நிப்பாட்டினாய்."

"முழுப் பாட்டும் அடிச்சேன். கடைசி வரைக்கும்."

"டேய் பெயின்ட் டின்காரா, நீ நிப்பாட்டினதாலதான் அந்த வரியே கேட்டிச்சு!"

"கேட்டிச்சுன்னா இப்ப சொல்லு பாப்போம்."

தாஸிம் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான்.

"மௌத்தாகி அங்கால போய் நிரோஷனக் கண்டா," என்றான், "ஒண்ட பாட்டே மறந்து போச்சுடான்னு எப்பிடி மூஞ்சக் காட்டுற? ஒருக்கா கேக்கணும் மச்சான். போறதுக்கு முந்தி ஒரே ஒருக்கா. அந்த கேசட் எங்கயாச்சும் ஈக்கும்."

நிரோஷன்தான் பாடினவன், பாட்டை எழுதினவனும் அவன்தான். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசை வீடுகளான லயத்திலிருந்து உயர்தரம் படிக்கக் கண்டிக்கு வந்தவன். சஞ்சீவின் அப்பா கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்குப் பிள்ளை. தாஸிமின் வாப்பாவுக்குக் கெலிஓயாவில் கடையும் குடோனும் இருந்தன. மூவரும் ஒரே வகுப்பு. மூவரையும் சேர்த்தது கிரிக்கெட் அல்ல, பெண்பிள்ளைகளும் அல்ல, அந்தப் பாட்டுகள்.

அமெரிக்காவில் எப்போதும் மழை பெய்கிற ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்த பாட்டுகள் என்று யாரோ சொன்னார்கள். அது போதுமாக இருந்தது. மழை பெய்கிற ஊரில் பிறந்தவன் அப்படித்தான் கத்துவான் என்று அவர்களுக்குப் பட்டது. பாடுகிறவன் அழகாகப் பாட முயற்சி செய்யவே மாட்டான். முணுமுணுப்பான், பிறகு தொண்டை கிழியக் கத்துவான், பிறகு களைத்துப்போய் மறுபடி முணுமுணுப்பான். சொற்கள் பாதிதான் விளங்கும். விளங்காத பாதி தங்களைப் பற்றியது என்று மூவரும் தனித்தனியே நினைத்துக்கொண்டார்கள்.

அப்போது பாட்டு வேண்டுமென்றால் ரெக்கோடிங் பாருக்குப் போக வேண்டும். வெறும் கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டுகளைப் பதிந்து தருவார்கள். நிரோஷன் வெறும் கேசட் வாங்கவே மாட்டான். தோட்டத்தில் யாராவது தூக்கிப்போடுகிற பக்திப் பாட்டுக் கேசட்டை எடுத்துவருவான். அப்படிக் கடையில் பதிந்து விற்கிற கேசட்டின் மேல்விளிம்பில், யாரும் மறுபடி பதிந்து அழித்துவிடாதபடி, ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையை அடைத்தால் மேலே பதியலாம். எல்லோரும் செலோடேப்பால் அடைப்பார்கள். நிரோஷன் மட்டும் தோட்டத்து மருந்துச்சாலையில் வாங்கிய, புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரால் அடைப்பான். அவனுடைய கேசட்டுகளை நூற்றுக்கு நடுவில் வைத்தாலும் கண்டுபிடிக்கலாம்; எல்லாம் காயம்பட்டவை போல இருக்கும்.

குடோனின் மேல்மாடியில், சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் பழகினார்கள். தாஸிமிடம் ஒரு பழைய கிட்டார். அதைப் பெரிய கேசட் ரேடியோவின் மைக் துளையில் செருகினால் சத்தம் பிய்ந்து கரகரத்து வரும். அதுதான் வேண்டிய சத்தம். சஞ்சீவுக்குப் பள்ளிக்கூடம் ஒதுக்கிப்போட்ட ஒரு மேளமும், காலியான பெயின்ட் டின்களும். தாஸிமின் வாப்பா தொழுகைக்குப் பள்ளிக்குப் போகிற நேரம்தான் பழகுகிற நேரம். சண்டைக் காலம். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனால் சோதனைச் சாவடியில் இறக்கி, உறையைத் திறக்கச் சொல்வார்கள். ஒருமுறை ஒரு சிப்பாய் வாசித்துக் காட்டச் சொன்னான். தாஸிம் பயத்தில், கல்யாண வீட்டில் ஆடுகிற பைலா ஒன்றை வாசித்தான். நிரோஷன் அதற்காக ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அடுத்தவர் பாட்டுகளைத்தான் வாசித்தார்கள். ஒரே ஒரு பாட்டு சொந்தம், தமிழில். அதை அந்த ரேடியோவிலேயே ஒரு புதுக் கேசட்டில் பதிந்தார்கள். இனி யாரும் மேலே பதியக்கூடாது என்று சஞ்சீவ் தன் கையாலேயே மேல்விளிம்பை மூடியிருந்த சின்னத் துண்டுகளை உடைத்து ஓட்டையாக்கிவிட்டான். தீபாவளிக்கு அம்மாவிடம் போட்டுக்காட்டிவிட்டு வருகிறேன், பிறகு ரெக்கோடிங் பாரில் பிரதி எடுக்கலாம் என்று நிரோஷன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனான். வரும்போது கொண்டுவரவில்லை. கேட்டபோதெல்லாம் "இருக்குடா, எங்க போயிரப் போகுது" என்றான். பிறகு அவன் கொழும்புக்கு வேலைக்குப் போனான். பிறகு கட்டாருக்கு. அங்கே கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தான். பெட்டி வந்தது, திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கேசட்டைப் பற்றி சஞ்சீவ் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் பஸ்ஸில் நிற்கும்போது, வரி கட்ட வந்தவர் மேசைக்கு அந்தப்பக்கம் நின்று ஏசும்போது, மனதுக்குள் அது ஓடும். தன் வாழ்க்கையில் தான் செய்த ஒரே காரியம் தெல்தோட்டையில் ஒரு வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்பது அவனுக்கு ஏதோ ஒரு வகையில் போதுமாக இருந்தது. போய்க் கேட்டு வாங்கலாம் என்று இத்தனை ஆண்டில் தோன்றாமலில்லை. போகவில்லை.

இப்போது போக வேண்டியதாயிற்று.

நிரோஷனின் அக்கா நிரஞ்சனி தோட்டத்தை விட்டுவிட்டுத் தெல்தோட்டை டவுனுக்குக் கொஞ்சம் மேலே, குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் கட்டிய இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். கலஹா வழியாகப் போகிற பஸ் அவனை இறக்கிவிட்டபோது தூறிக்கொண்டிருந்தது.

"வாங்க தம்பி, வாங்க. தலைய தொடைங்க மொதல்ல" என்று துவாயை நீட்டினாள். "போன்ல சொன்னதும் தேடி எடுத்து வச்சிட்டேன். அவன் சாமான் எல்லாம் ஒரே டின்லதான் இருக்கு."

பிஸ்கட் டின். உள்ளே ஒரு பெல்ட், பள்ளிக்கூட பேட்ஜ், நாலைந்து கேசட். "நான் இதுல ஒண்ணயும் போட்டுப் பாத்ததில்ல" என்றாள். "எல்லாம் இங்லீஷு பாட்டுதானே. அவன் சத்தமும் இருக்கும்னு பயம். மனசு வரல."

சஞ்சீவ் பார்த்ததுமே தெரிந்துகொண்டான். ஒன்றின் மேல் ஒட்டிய தாளில் நிரோஷனின் கையெழுத்தில் 'எங்களுடையது' என்று ஒரு சொல். எடுத்துத் திருப்பினான். மேல்விளிம்பில் இடதுபக்க ஓட்டையின் மேல், பழுப்பேறி, ஓரம் சுருண்டு, ஒரு துண்டு பிளாஸ்டர்.

அவன் அதை விரலால் தடவினான்.

"பாட வைங்க தம்பி. நீங்க இருக்கீங்களே, கேட்டுருவோம்" என்றாள் நிரஞ்சனி. குவைத்திலிருந்து கொண்டுவந்த பெரிய ரேடியோவின் துணி உறையை எடுத்தாள். கேசட் போடுகிற பக்கம் பல ஆண்டுகளாகத் திறக்கப்படவில்லை. பட்டனை அழுத்தியதும் உள்ளே ஏதோ முனகியது. முதலில் ஆண் குரல்போலத் தடித்து இழுபட்ட ஒரு சத்தம் வந்தது. நாடா மெல்ல மெல்ல வேகம் பிடித்தது. குரல் மேலேறி ஒரு வயதான பெண்ணின் குரலாயிற்று.

"...ஓடுதாடா?"

"ஓடுதும்மா. பேசுங்க." அது நிரோஷன்.

"ஏய் நிரஞ்சனி. நான் அம்மா பேசுறேன். சொகமா இருக்கியா? சாப்டியா?"

நிரஞ்சனி ரேடியோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நாளில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து கேசட் அனுப்புவது வழக்கம். போகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்கு அதுதான் கடிதம்.

"இங்க ஒரே மழை. கொழுந்து நல்லா இருக்கு, ஆனா அட்டைக்கடி. கோழி ரெண்ட கீரி கொண்டுகிட்டு போயிருச்சு. அந்தச் செவப்புக் கோழி இருந்துச்சே, அதுவும் போச்சு. ஒன் மேடம் அடிக்காம இருக்காளா? அடிச்சா ஏஜென்சிக்கு சொல்லு. தம்பி நல்லா இருக்கான். கண்டியில பாட்டு கீட்டுன்னு திரியிறான். இந்த கேசட்டுலகூட அவன் பாட்டு என்னமோ இருந்துச்சாம்டி. வேற கேசட் வாங்கி பேசுவோம்டான்னேன். பரவால்லம்மா, அது சும்மா, நீங்க பேசுங்கன்னு சொல்லிட்டான்..."

"அதெல்லாம் எதுக்கும்மா சொல்றீங்க" என்று நிரோஷனின் குரல் சிரித்தது. "கோழியச் சொல்லுங்க."

"கோழியத்தான் சொல்லிட்டேனே."

சஞ்சீவ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பேசிக்கொண்டே போனாள். பக்கத்து லயத்து ராக்கம்மாவுக்குப் பிறந்த பிள்ளை, கூரைத் தகரம், மாரியம்மன் கோயில் திருவிழா. கேள்வி கேட்கிற இடங்களில் நிறுத்தி, பதிலுக்கு இடம்விட்டுப் பேசினாள். அந்த இடங்களில் நிரஞ்சனி பதில் சொன்னாள். "சாப்ட்டேம்மா." "இல்லம்மா, அடிக்கல." "சரிம்மா." அழவில்லை. தொலைபேசியில் பேசுகிறவளைப்போல, அவ்வளவுதான்.

"வேற என்னடி. அவ்ளோதான். ஒடம்ப பாத்துக்க. நிப்பாட்டுடா."

டக் என்று ஒரு சத்தம். பிறகு, அம்மாவின் பேச்சு எட்டாத இடத்தில், பழைய பதிவின் வால் மட்டும் மிச்சமிருந்தது. கிட்டாரின் இரைச்சல், மங்கி அடங்குகிற இரைச்சல். ஒரு டின் உருளும் சத்தம். இளம்குரல் ஒன்று, "வாப்பா வாறாருடா! மூடு, மூடு!" மூன்று பேரின் சிரிப்பு. அதோடு வெறும் நாடா.

தகரத்தில் மழை கனத்தது.

"அந்த வருசம் குவைத்துக்குப் போக இருந்த பொம்பளைய ஏஜென்சிக்காரன் ஏமாத்திட்டான்" என்றாள் நிரஞ்சனி கடைசியில். "அவ போகவே இல்ல. அதான் இது இங்கயே கெடந்திருக்கு. மறு வருசம் அம்மா செத்துச்சு. என்னய வர விடல தம்பி. பாஸ்போட்ட மேடம் வச்சிக்கிட்டா. அம்மா ஒரு வார்த்த பேசாம போயிருச்சுன்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்." பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. "ஒங்க பாட்டு எங்க தம்பி? வேற கேசட்டா?"

"வேற கேசட்டா இருக்கும்க்கா" என்றான்.

மற்றவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் அமெரிக்காவின் மழை ஊர்தான். தன் உயிராக இருந்த அந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. கத்தினார்கள், முணுமுணுத்தார்கள். கேட்கக் கேட்க ஒன்றும் அசையவில்லை. யாரோ பொடியன்கள் எதற்கோ கோபப்படுகிறார்கள் என்றுதான் இருந்தது. அதை எப்போது இழந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

புறப்படும்போது அந்த வாலை மட்டும் போனில் பதிந்துகொள்ளலாமா என்று கேட்டான். அதற்காக அம்மாவின் பேச்சை முதலிலிருந்து மறுபடி ஓடவிட வேண்டியிருந்தது. ரேடியோவில் பின்னே ஓட்டுகிற பட்டனை அழுத்தினால் தொடக்கம் வரை போய்த்தான் நிற்கும்; முன்னே ஓட்டுகிற பட்டன் வேலை செய்யவில்லை. நிரஞ்சனி மறுபடியும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னாள்.

கேசட்டைத் தரும்படி அவன் கேட்கவில்லை. கேட்க முடியாது.

பஸ்ஸில் வரும்போது தாஸிமிடம் சொல்ல ஒரு பொய்யைத் தயார் செய்தான். சின்னப் பொய், யாரையும் குற்றம் சொல்லாத பொய்.

மறுநாள் தாஸிம் தலையணையை உயர்த்தி வைத்துக் காத்திருந்தான். கண் இமைகள் வீங்கியிருந்தன. சஞ்சீவ் போனை அவன் காதருகே வைத்தான். இரைச்சல். டின். "வாப்பா வாறாருடா! மூடு, மூடு!"

"யாருடா இது?"

"நீதான்."

"எண்ட சத்தமா? பொம்பளப் புள்ள மாதிரி ஈக்கே!" தாஸிம் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அடங்கிற்று. "சரி, இப்ப பாட்டப் போடு."

"அவ்வளவுதான் தாஸிம்."

"என்ன அவ்வளவுதான்?"

"மத்ததெல்லாம் பூஞ்சணம் பிடிச்சி போச்சு. தெல்தோட்ட ஈரம்தானே."

தாஸிம் அவனையே பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஓட்ட அடச்சீந்திச்சா?"

சஞ்சீவ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"என்னத்தால அடச்சீந்த? செல்லுடா."

"பிளாஸ்டர்."

தாஸிம் கூரையைப் பார்க்கத் திரும்பினான். பக்கத்துக் கட்டில்காரரின் மகள் தோடம்பழம் உரிக்கிற வாசனை வந்தது. தாதி ஒருத்தி வந்து எதையோ குறித்துக்கொண்டு போனாள்.

"எப்ப அழிச்சீக்கான்?"

"அடுத்த வருசமே போல. அம்மா அக்காவுக்குப் பேசுறதுக்கு."

"ஒரு வருசம்கூட வெச்சிக்கல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "என்ன பேசியீக்கி அதுல?"

"கோழியக் கீரி கொண்டுபோனத."

"கோழி" என்றான் தாஸிம். சிரிக்கப்போகிறான் என்று சஞ்சீவ் எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை.

பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. சஞ்சீவ் கதிரையைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். தாஸிம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்.

"மச்சான், நீ செல்றதுதான் சரி. நீ நிப்பாட்டல்ல. கடைசி வரைக்கும் அடிச்சாய்."

இருபத்தைந்து ஆண்டில் தாஸிம் ஒரு வாதத்தை விட்டுக்கொடுத்தது அதுவே முதல்தடவை. சஞ்சீவ் கதவருகே நின்றான். இல்லை, நீதான் சரி, நான் நிப்பாட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் தாஸிம் மறுபடி வம்புக்கு வந்திருப்பானோ என்னவோ. சஞ்சீவின் பதில் வழக்கம்போல் தாமதமாகத்தான் வந்தது. அப்போது அவன் பஸ்ஸில் கெட்டம்பே பாலத்தைத் தாண்டிவிட்டிருந்தான்.

அதற்குப் பிறகு, பஸ்ஸில் நிற்கும்போது அந்தப் பாட்டை நினைக்க முயன்றால், லயத்துக்கு நம்பர் இருக்கு, நாய்க்கும் ஒரு பேர் இருக்கு என்பது வரைக்கும் வரும். எனக்கு என்னா இருக்கு என்ற இடத்தில் மேளம் கேட்பதில்லை, மேளம் நின்ற அமைதியும் கேட்பதில்லை. சாப்டியா என்று ஒரு கிழவியின் குரல் கேட்கும்.

தாஸிம் நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிழமை இறந்தான். கெலிஓயா மையவாடியில் அடக்கினார்கள். கடையை மைத்துனன் பார்க்கிறான். குடோனின் மேல்மாடி இப்போது டியூஷன் வகுப்பு. கிட்டாரை எப்போதோ விற்றிருந்தார்கள், யாருக்கு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நிரஞ்சனி அந்தக் கேசட்டைத் தினமும் போட்டாள். ஒருநாள் ரேடியோ நாடாவை உள்ளே இழுத்துச் சுருட்டி அறுத்துவிட்டது. அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மறுபடி குவைத்துக்குப் போனாள், இந்த வயதில். நிரோஷன் தோட்டத்து மயானத்தில் கிடக்கிறான். யசோதா நலம். சஞ்சீவ் இன்னும் மாநகர சபையில் வேலை செய்கிறான். பாட்டு கேட்பதில்லை.